பேசுகிற பொம்மை

பஞ்சு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கூடம் முழுக்க ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டபாடில்லை. மாடியில் காயப்போட வழியில்லாமல் அம்மா குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஊரார் சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் வீட்டுக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தாள். துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் யாருடைய சட்டைக் கையையாவது விலக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

விலகிய சட்டைக்குப் பின்னால் மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னடி, நடு வாரத்துல வந்து நிக்கிறே? லீவா?"

"இல்லம்மா."

"காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. நான் இனிமே நர்சிங் காலேஜுக்குப் போகல."

உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. சந்தையில் மீன் விற்றுப் பழகிய குரல். சுவருக்கெல்லாம் மட்டுப்படாது.

"யாரு, பஞ்சா? போகலைன்னா போக வேண்டாம், முதல்ல தலையைத் துவட்டச் சொல்லு. நனைஞ்ச கோழி மாதிரி நின்னு கதை பேசிட்டிருக்கா!"

குறைமாதத்தில் பிறந்தவளைப் பஞ்சில் சுற்றி வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது பத்தொன்பது வயது. உயரத்தில் அப்பாவைப் போல, கோபத்தில் அத்தையைப் போல. இவள் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள், "அடுத்தவன் மூத்திரச் சட்டி தூக்குற வேலைக்கா அனுப்புறீங்க?" என்று முகம் சுளித்தார்கள். அத்தைதான் எழுந்து நின்று, "உங்களுக்குப் படுக்கையில போனா யாரு தூக்குவா? உங்க மாமனாரா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தாள். அப்பாவின் அக்கா அவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தம்பி குடும்பத்தோடே இருந்துவிட்டவள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை, உழைத்து இறுகிய உடம்பு. ஆனாலும் சில மாதங்களுக்கு முன்பு மீன்கடையை வேறொருத்திக்கு விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் முழங்கால் வலி என்றாள்.

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, மீன் குழம்பு, அவித்த முட்டை. யாரும் எதுவும் கேட்கவில்லை. முட்டையைப் பாதி தின்றுவிட்டுப் பஞ்சு தானாகவே ஆரம்பித்தாள்.

"லேப்ல ஒரு பொம்மை இருக்குப்பா. ஆள் உயரம். அதைப் புரட்டிப் போட்டு, உடம்பு துடைச்சு, விரிப்பு மாத்துறதுல நான்தான் முதல் மார்க். டியூட்டர் மேடம் என்னைத்தான் மத்தவங்களுக்குச் செஞ்சு காட்டச் சொல்லுவாங்க."

"அப்புறம் என்ன? நல்லதுதானே?" என்றார் அப்பா.

"இந்த வாரம்தான் வார்டுக்கு அனுப்பினாங்க. ஜன்னலோரத்துல ஒரு பெரியவர். ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்தவராம். ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கார். படுக்கையிலேயே வெளிய போயிட்டார். மாத்தறதுக்கு நான் போனேன். அவர் முகத்தைக் கையால மூடிக்கிட்டார்ப்பா. மூடிக்கிட்டே, 'மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா'ங்கிறார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. வாயும் வரல, கையும் வரல. விரிப்பை அங்கேயே போட்டுட்டு மாடிப்படிக்கு ஓடிட்டேன்."

"நாத்தம் தாங்கலையா?" என்றாள் அத்தை.

"மீன்கடைக்காரி மடியில வளர்ந்தவளுக்கு நாத்தமா அத்தை? அதெல்லாம் இல்ல." பஞ்சுவின் கண் நிறைந்துவிட்டது. "பொம்மை மன்னிப்புக் கேக்காது. அது பாட்டுக்குக் கூரையைப் பார்த்துட்டுக் கிடக்கும். வெக்கப்படுற மனுசனுக்கு முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அவர் அப்படியே கிடந்திருப்பார், வேற யாராவது வர்ற வரைக்கும். நான் ஓடினதைப் பார்த்துட்டே."

"மேடம் திட்டினாங்களா?" அம்மா கேட்டாள்.

"திட்டியிருந்தா பரவாயில்ல. தண்ணி குடுத்தாங்க. வீட்டுக்குப் போயிட்டுத் திங்கக்கிழமை வான்னாங்க. நான் போகப் போறதில்ல."

அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது. அத்தை மட்டும் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப பொம்மை பேசாததுதான் குறை. அவ்வளவுதானே? பேசுற பொம்மை ஒண்ணு சனி ஞாயிறு லீவுல இந்த வீட்டுல சும்மாதான் கிடக்கும்." தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

அப்படித்தான் சனிக்கிழமை காலை உள்ளறைக் கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஆனது. அப்பா நோயாளி. அம்மா கூட இருக்கும் சொந்தக்காரி. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் நான்தான் என்று அறிவித்துவிட்டாள்.

"சிஸ்டர், பசிக்குது" என்றார் நோயாளி.

"உங்களுக்குக் குடல் ஆபரேஷன் ஆயிருக்கு. எதுவும் சாப்பிடக் கூடாது."

"குடல் எங்கே இப்ப? உள்ளேயா, வெளியேயா?"

"டேய், நோயாளி மாதிரி முனகுடா" என்று டாக்டர் அதட்டினாள். "பஸ்ஸுக்கு ஹாரன் அடிக்கிற மாதிரி முனகாதே."

பஞ்சு வேலையில் இறங்கினாள். அப்பாவின் முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, தன் பக்கமாகச் சாய்த்தாள். தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடம்பு ஒரு சின்ன உந்தலில் புரண்டதைப் பார்த்து அம்மா வாயைப் பிளந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் போய், பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டித் தள்ளிவிட்டு, காலியான பாதியில் புது விரிப்பை விரித்து, மூலையை மடித்துச் செருகினாள். பிறகு சுருட்டின் மேலாக அவரை இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்துவிட்டாள். கட்டிலை விட்டு ஆளை இறக்காமலே விரிப்பு மாறிவிட்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, உடம்பு துடைக்க எடுத்த துண்டு அக்குளைத் தொடும்வரை. தொட்டதும் நோயாளி கூச்சத்தில் துள்ளிக் கட்டிலின் மறு ஓரத்துக்கு உருண்டார்.

"குடல் ஆபரேஷன் ஆனவன் குதிக்கிறதைப் பாரு" என்று அம்மா சிரித்தாள்.

பஞ்சுவும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது முகம் மறுபடி தொங்கிவிட்டது.

"இது வேலைக்கு ஆகாதுப்பா. நீங்க வெக்கப்படவே இல்லையே. வேட்டிக்குள்ள கை விட்டாலும் சிரிப்பீங்க."

"பெத்த மக முன்னாடி என்ன வெக்கம்?" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமையும் மழை. அப்பாவை விட்டுவிட்டு எல்லோரும் அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நானா? என்னால படுக்க முடியாது. முழங்கால்."

"முழங்காலுக்கும் படுக்கிறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றார் அப்பா. "ராத்திரி நின்னுகிட்டா தூங்குறே?"

"எனக்கு இப்படி வேடிக்கை காட்டுறதெல்லாம் பிடிக்காது."

"சந்தையில ஒரு மீனைத் தூக்கிக்கிட்டு நடனம் ஆடினவ யாரு?"

அத்தை முறைத்தாள். அவள் முகத்தில் வழக்கமான கேலி இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பஞ்சு வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"விடுங்கப்பா. அத்தைக்கு இஷ்டமில்லைன்னா விடுங்க. எப்படியும் நான் நாளைக்குப் போகப் போறதில்ல."

அத்தை அவள் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பாத்ரூமுக்குள் புகுந்துவிட்டு, திரும்பி வந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"சீக்கிரம் முடிக்கணும்" என்றாள். "ரொம்ப நேரம் என்னால கிடக்க முடியாது."

படுத்த பிறகு விட்டுக்கொடுப்பாளா? பிறந்ததிலிருந்தே நோயாளியாக இருந்தவள் போல ஆரம்பித்தாள். தலையணை உயரம் என்றாள். தாழ்த்தினால் பள்ளம் என்றாள். "போன சிஸ்டர் கை பூ மாதிரி இருந்தது, உன் கை கட்டை மாதிரி இருக்கு" என்றாள். மாத்திரை என்று நீட்டிய கடலையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, பஞ்சு திரும்பியதும் துப்பினாள். பஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். கயிற்றில் தொங்கிய யாரோ ஒருவரின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். தோள் பொருந்தாமல் கை முழங்கையோடு நின்றது. பெரிய இடத்துச் சொந்தக்காரர் மாதிரி மூக்கை உயர்த்திக்கொண்டு, "இவங்க என் அக்கா. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. வாயை மட்டும் தைச்சு அனுப்புங்க" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், கட்டில் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா இன்னும் கொஞ்சம் நடந்து காட்டினார். திடீரென்று அத்தையின் சிரிப்பு நின்றது. பாதியில் நிறுத்தப்பட்ட ரேடியோ மாதிரி.

"போதும்" என்றாள். "எல்லாரும் போங்க. போங்கன்னு சொல்றேன்ல?"

விரிப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தெரியாமல் கோட்டோடு விழித்துக்கொண்டு நின்றார். அத்தை கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

சில நொடி பஞ்சு அசையவில்லை. மாடிப்படிக்கு ஓடிய அதே கால்கள்தான். அறை வாசல் நாலு எட்டில் இருந்தது. அவள் வாசலுக்குத்தான் போனாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே விட்டாள்.

"அப்பா, நீங்க அடுப்படிக்குப் போங்க. அம்மா, ஒரு பேசின்ல வெந்நீர், ரெண்டு துண்டு, அத்தையோட மாத்துத் துணி. கதவுக்கு வெளிய வச்சிட்டுத் தட்டுங்க, போதும்."

கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஒரு போர்வையை எடுத்து அத்தையின் மேல் கழுத்துவரை போர்த்தினாள். அம்மா தட்டியதும் பேசினை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மன்னிச்சுக்கடி பஞ்சு" என்றாள் அத்தை, கைக்குப் பின்னாலிருந்து. அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

பஞ்சு துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். சூடு அளவாக இருக்கிறதா என்று தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்க அத்தை. ம். போதும். சூடு சரியா இருக்கா?"

"ம்."

"இப்ப அந்தப் பக்கம் திரும்பணும். என் கையைப் பிடிச்சுக்கங்க. முழுக்கத் திறக்க மாட்டேன், போர்வைக்குள்ளேயே மாத்திடலாம்."

அத்தை திரும்பினாள். பஞ்சு துடைத்தாள், உலர்த்தினாள், விரிப்பைச் சுருட்டினாள், புதியதை விரித்தாள். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பாதி வேலையில் அத்தையின் கை முகத்திலிருந்து இறங்கியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு அவளாகவே பேசினாள்.

"பல மாசமா இருக்குடி. இருமினா, சிரிச்சா, கனமா ஏதாவது தூக்கினா வந்துடுது. ஒருநாள் சந்தையில, மீன் கூடையைத் தூக்குறப்போ... அத்தனை பேர் முன்னாடி. தண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். மறுநாள்லேருந்து போகல."

"முழங்கால் வலி?"

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி நனைஞ்சுதுன்னா விடியறதுக்குள்ள துவைச்சு உங்கம்மா துணியோட துணியா தொங்கவிட்டுடுவேன். இந்த வீட்டுல ஒரு விரிப்பு கூட இருந்தா யாருக்குத் தெரியும்?"

"இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஏன் அத்தை இன்னிக்கு வந்து படுத்தீங்க?"

"நீ போகலைன்னியே" என்றாள் அத்தை. பஞ்சு உடுப்பின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தான் போட்டதும், "இது வயசானதால வர்ற தலையெழுத்து இல்ல அத்தை" என்றாள். "எங்க பாடத்துலயே இருக்கு. நிறையப் பொம்பளைங்களுக்கு வரும். பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு. டாக்டர்கிட்ட போகலாம்."

"டாக்டர் ஆம்பளையா?"

"பொம்பளை டாக்டரா பார்த்துப் போகலாம்."

நனைந்த விரிப்பைப் பஞ்சு வெளியே எடுத்துவந்தபோது அம்மா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லாததைப் பார்த்துப் பஞ்சு நின்றாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவளுக்கு எந்த விரிப்பு யாருதுன்னு தெரியாதா?" என்றாள் அம்மா மெதுவாக. "காய்ஞ்ச விரிப்பா எடுத்து அண்ணி அலமாரியில வச்சிட்டே இருப்பேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? இத்தனை மாசமா தனியா கஷ்டப்பட்டிருக்காங்க!"

"கேட்டா அவங்க மானம் போயிடுமேன்னு இருந்தேன்." அம்மா விரிப்பை வாளியில் முக்கினாள். "நீ ஓடிப்போன மாதிரிதான். நான் வீட்டுக்குள்ளேயே ஓடியிருக்கேன்."

அடுப்படியில் அப்பா அந்தக் கோட்டைக் கழற்ற முடியாமல், கழற்ற உதவி கேட்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அத்தை வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். உட்கார்ந்து, ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு யார் போட்டது? பஸ் டிரைவரா?" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு இரண்டு மடங்கு சோறு தின்றார்.

திங்கட்கிழமை பஞ்சு போனாள். யாரும் போ என்று சொல்லவில்லை. விடிந்ததும் அவளே உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தது எதையும் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தக் கட்டிலில் இப்போது ஒரு கோபக்காரர். வெந்நீர் ஆறிவிட்டது என்று பேசினைத் தட்டிவிட்டு அவள் காலணியெல்லாம் நனைத்தார். மறுபடி சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போனாள். மதியம் ஒரு கட்டிலில் மூலையைச் சரியாகச் செருகவில்லை என்று வார்டு சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி ஹாஸ்டலிலிருந்து போனில் அதையெல்லாம் சொல்லிவிட்டு, "பசிக்குது, வச்சிடறேன்" என்றாள். அம்மாவுக்கு அந்தப் பசி ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அத்தை சமைக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் செய்தாள். முகம் அசையாமல், யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய பயிற்சி அது. ஆனாலும் செய்யும்போதெல்லாம் "பேசாதீங்க, நான் இப்ப வேலையா இருக்கேன்" என்று அறிவிப்பாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். இரண்டு மாதத்தில் சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வந்தாள். கடையைத் திரும்பக் கேட்கவில்லை. வாங்கின மீனுக்குப் பேரம் பேசிவிட்டு மட்டும் வந்தாள்.

திரும்பி வந்தது எப்படி என்று டியூட்டர் மேடம் பஞ்சுவிடம் கேட்டாள். நடந்த எல்லாவற்றையும் பஞ்சு சொல்லவில்லை, சொல்ல அது அவளுடையதும் இல்லை. வீட்டில் பழகினேன், அத்தை நோயாளியாக நடித்தார்கள், மாத்திரையைத் துப்பினார்கள் என்று மட்டும் சொன்னாள். மேடம் சிரித்துவிட்டு, "எங்க பொம்மைக்கு ஒரு நாள் லீவு குடுப்போம். உங்க அத்தை வருவாங்களா?" என்றாள்.

அத்தை நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, கைப்பையோடு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போனாள். லேப் கட்டிலில் ஏறிப் படுத்ததும் மாணவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஊசி என்றதும் ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். இன்னொருத்தியிடம், "நீ கல்யாணம் ஆனவளா? இல்லையா? அப்ப உனக்கு என்ன தெரியும்?" என்றாள். பஞ்சு பின்வரிசையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்த பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. கை கழுவினாள், பெயர் சொன்னாள், என்ன செய்யப் போகிறேன் என்றாள். எல்லாவற்றையும் கட்டிலின் கம்பியைப் பார்த்தே சொன்னாள். அத்தை அவளைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, எனக்குப் படுக்கை நனைஞ்சு போச்சும்மா" என்றாள்.

மேடம் நிமிர்ந்து பார்த்தாள். பேசிவைத்ததில் அது இல்லை. பின்வரிசையிலிருந்து பஞ்சு முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நடிப்பா, நிஜமா? வகுப்பில் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பெண் முதல் தடவையாக அத்தையின் முகத்தைப் பார்த்தாள். காது சிவந்தது. ஒரு அடி பின்னால் போனாள். பிறகு சுவரோரம் நின்ற துணி மறைப்பை, ஒரு சக்கரம் சிக்கிக்கொள்ள, கரகரவென்று இழுத்து வந்து கட்டிலைச் சுற்றி மூடினாள்.

"பரவாயில்லம்மா" என்று உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "நான்தான் இருக்கேன். வேற யாரும் பார்க்கல. மெதுவா மாத்திடலாம்."

பஞ்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறைப்புக்குள் நுழைந்தாள். போர்வைக்கு அடியில் கையை விட்டு விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

"என்னடி பார்க்கிறே?" என்றாள் அத்தை, வெளியே கேட்காத குரலில். அந்தப் பெண்ணின் கையை அவள் இன்னும் விட்டிருக்கவில்லை. "இவளுக்கு நல்ல மார்க் போடச் சொல்லு. சிரிக்கப் பார்த்தானே ஒருத்தன், அவனை அடுத்து உள்ளே அனுப்பு."